அப்பாவுக்கு ஆஞ்சியோ என்கிறார்கள், கையில் பணமில்லை, அட்டையும் இல்லை: எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். அப்பாவுக்கு 58 வயது, கூலி விவசாயம், சர்க்கரையும் பிரஷரும் பல வருஷமாக இருக்கிறது. கொஞ்ச நாளாக ஏற்றத்தில் நடந்தால் நெஞ்சை அடைக்கிறது என்கிறார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு ஆஞ்சியோ (இதய இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) செய்ய வேண்டும், அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்), இரண்டரை லட்சம் தயார் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடையாது. தம்பி கப்பலூரில் ஒரு கம்பெனியில் 17,000 சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். இப்போது ஒரு தனியார் இன்சூரன்ஸ் எடுத்தால் இந்தச் செலவுக்கு ஆகுமா என்பது உங்கள் கேள்வி.

ஆகாது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் மூன்று வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். முன்பு நான்கு வருஷமாக இருந்தது, 2024 ஏப்ரலில்தான் குறைத்தார்கள். சர்க்கரை இருப்பதை மறைத்து எடுக்கலாமே என்று ஏஜென்ட் யாராவது சொல்வார். எடுக்கலாம், ஆனால் க்ளெய்ம் போடும் அன்றைக்குப் பழைய மருந்துச் சீட்டைத் தேடிக் கேட்பார்கள், அப்போது பிரீமியமும் போச்சு, சிகிச்சையும் போச்சு. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மதுரைக்கும் ஊருக்கும் அலையவே தேவைப்படும்.

அடுத்து, பணத்தைவிட அவசரமான ஒன்று. நடக்கும்போது வருகிற நெஞ்சடைப்பு இன்னும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரவில்லை என்றால் இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டும் அவகாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான், மாதக்கணக்கில் தள்ளிப்போட முடியாது. சும்மா இருக்கும்போதே வலி வந்தால், வியர்த்துக் கொட்டினால், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அட்டை, சான்று, காகிதம் எதையும் நினைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஊரிலிருந்து கார் பிடித்து நேராக மதுரைக்குப் போகலாம் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள், அது வேண்டாம். 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8, ஆக மொத்தம் 14 மாத்திரை. வழியில் போகிற நேரத்தில் அந்த மாத்திரைகள் உள்ளே வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். உங்கள் ஊருக்கு அருகில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம் இரவில் திறந்திருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சிகிச்சைக்கு வருவோம். முதலில் போக வேண்டிய இடம் மதுரை பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனையின் இதயப் பிரிவு. அங்கே கேத் லேப் (ஆஞ்சியோ செய்கிற கூடம்) இருக்கிறது, ஆஞ்சியோவும் ஸ்டென்டும் அங்கேயே செய்கிறார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற வருமான வரம்பு எதுவும் கிடையாது, காப்பீட்டு அட்டை இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அங்கே வார்டில் சேர்த்ததும் "கார்டு இருக்கா?" என்று கேட்பார்கள், உடனே நம் ஆட்களுக்குப் பயம் வந்துவிடும், கார்டு இல்லாவிட்டால் காசு கேட்பார்களோ, துரத்திவிடுவார்களோ என்று. அவர்கள் கேட்பது எதற்கென்றால், அட்டை இருக்கும் நோயாளிக்குச் செய்கிற சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைக்கும் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து பணம் வருகிறது. அந்தப் பணத்தில்தான் கருவி, ஸ்டென்ட் போன்றவற்றை வாங்குவதும் மற்ற செலவுகளும் ஓடுகின்றன. ஆகவே அட்டை இருந்தால் உங்களுக்கும் வேலை சுலபமாக நடக்கும், மருத்துவமனைக்கும் நல்லது. இல்லையென்றாலும் அட்மிஷன் மறுக்கப்படாது, அட்டைக்கு விண்ணப்பிக்க அங்கேயே வழி சொல்வார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. காலையில் ஓ.பி. சீட்டு வாங்க வரிசை, எக்கோவுக்கு ஒரு தேதி, ஆஞ்சியோவுக்கு ஒரு தேதி, கூட ஒரு ஆள் எப்போதும் இருந்தாக வேண்டும், தரையில் பாய் விரித்துப் படுக்கிற நிலையும் வரலாம். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் ஒரு நாளில் அவர்கள் பார்க்கிற இதய நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், அந்த டாக்டர்களின் கைப்பயிற்சிக்கு எந்தக் குறையும் இருக்காது என்பது என் எண்ணம். வசதிக்குறைவையும் சிகிச்சைக்குறைவையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அட்டை விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்பது முழுப் பெயர், ஊரில் இன்னும் கலைஞர் கார்டு என்றே சொல்வார்கள், 2009இல் வந்த முந்தைய திட்டத்தின் நினைவாக. இப்போதைய திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது, 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்தது. இன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்பம் ஒரு பைசா பிரீமியம் கட்ட வேண்டாம், அரசு கட்டுகிறது. 2022 ஜனவரியில் போட்ட ஒப்பந்தப்படி அது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சை முறைகள் பட்டியலில் இருக்கின்றன, ஸ்டென்ட், பைபாஸ், கீமோதெரபி, டயாலிசிஸ், மூட்டு மாற்று எல்லாம் அதில் உண்டு.

தகுதி என்னவென்றால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்தது, அதனால் அப்போது தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இப்போது மறுபடி கேட்கலாம். உங்கள் வீட்டில் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தம்பிக்கு மாதம் 17,000 என்றால் வருஷத்துக்கு 2,04,000. அவர் கல்யாணம் ஆகாமல் அதே ரேஷன் கார்டில் இருந்தால் அவருடைய சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேரும், வரம்பைத் தாண்டிவிடும். கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கியிருந்தால் அப்பா, அம்மா இருவரின் வருமானம் மட்டும்தான் கணக்கு. அதனால் முதலில் ரேஷன் கார்டை எடுத்து யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சம்பளத்தை மறைத்து வருமானச் சான்று வாங்கித் தருகிறேன் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தம்பியின் சம்பளம் உங்களுக்கு வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

வரம்புக்குள் இருந்தால் வேலை எளிது. வி.ஏ.ஓ.விடம் சொல்லி வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், இவற்றோடு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். போவதற்கு முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் ரேஷன் கார்டு எண்ணைச் சொல்லி ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பழைய திட்டத்தில் தாத்தாவோ அப்பாவோ எடுத்த பதிவு அப்படியே உயிரோடு இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், அட்டை தொலைந்திருக்கும், எண் இருக்கும். எண் இருந்தால் போதும்.

மையத்தில் இரண்டு இடத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று பெயர். ரேஷன் கார்டில் கருப்பையா, ஆதாரில் கருப்பையன், குடும்பத் தலைவர் இடத்தில் இறந்துபோன தாத்தா. இதை அங்கே போய்த் திருத்த முடியாது, முன்னாடியே இ-சேவை மையத்தில் மனுப் போட வேண்டும். இன்னொன்று கைரேகை. களை பறித்து, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல் மெஷினில் விழவே விழாது. பெருவிரலை வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்துவார்கள், மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். கையை நன்றாகக் கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, மோதிர விரலையோ இடது கை விரலையோ வைக்கச் சொல்லுங்கள், பல பேருக்கு அப்படித்தான் விழுகிறது. முதல் நாள் இரவே கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் படுக்கச் சொல்லுங்கள், விரல் வெடிப்பு கொஞ்சம் அடங்கும்.

அட்டை கிடைத்த பிறகு தனியாரிடமே செய்யலாமா என்றால், செய்யலாம், அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருந்தால். இங்கே ஒரு சூட்சுமம்: மருத்துவமனை பட்டியலில் இருப்பது வேறு, இதயப் பிரிவுக்குப் பட்டியலில் இருப்பது வேறு. எலும்புக்கு மட்டும் சேர்ந்திருக்கிற மருத்துவமனை வாசலில்கூடத் திட்டத்தின் போர்டு தொங்கும். மேலே சொன்ன எண்ணிலேயே "மதுரையில் இதய சிகிச்சைக்கு எந்தெந்த மருத்துவமனை" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போனதும் ரிசப்ஷனில் நிற்காமல் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று இருக்கும் கவுன்டருக்குப் போய், அட்டையில்தான் சேரப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முன் அனுமதி என்று ஒன்று உண்டு, மருத்துவமனை ரிப்போர்ட்டுகளை அனுப்பி காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்புதல் வாங்கும். காசு கட்டி அட்மிட் ஆகிவிட்டு அப்புறம் அட்டையை நீட்டினால் கட்டியது திரும்பி வராது.

ஒரு சிகிச்சைக்குத் திட்டம் மருத்துவமனைக்குக் கொடுக்கிற கட்டணத் தொகை என்பது படுக்கை, மருந்து, டாக்டர் ஃபீஸ், சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான். "கார்டில் இவ்வளவுதான் வரும், மீதி நீங்கள் கட்டுங்கள்" என்பதும், "அரசாங்க ஸ்டென்ட் சரியிருக்காது, நல்ல ஸ்டென்டுக்குத் தனியாகக் கொடுங்கள்" என்பதும் காதில் விழும். திட்டத்தில் அப்படி மேற்கொண்டு வாங்க இடமில்லை. தெரிந்துகொள்ள ஒரு கணக்கு: 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தது, மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போது சுமார் 30,000 ரூபாய், பிறகு கொஞ்சம் ஏறி இறங்கி இப்போது ஏறக்குறைய 40,000. அதற்கு முன் அதே ஸ்டென்டை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒரு ஸ்டென்டுக்கே ஒன்றரை லட்சம் என்றால், பில்லில் அந்த வரியைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், குரல் இறங்கிவிடும். கூடுதலாகப் பணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு அதே 1800 எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் ஒரு குறைதீர் குழுவும் இருக்கிறது, திங்கட்கிழமை மனுவாகவும் கொடுக்கலாம்.

இப்போது தம்பியின் கதவு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, கம்பெனி இ.எஸ்.ஐ.யில் (மத்திய அரசின் தொழிலாளர் காப்பீட்டில்) வருமானால், சந்தா பிடித்தே ஆக வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. தம்பிக்கு 17,000க்கு மாதம் சுமார் 128 ரூபாய் பிடித்திருப்பார்கள், சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், அவரை நம்பி வாழ்கிற அப்பா அம்மாவும் அதில் வருவார்கள், பெற்றோருடைய மாத வருமானம் எல்லா வழியிலும் சேர்த்து 9,000 ரூபாய்க்கு மேல் போகாமல் இருந்தால். கூலி விவசாயத்தில் அதைத் தாண்டுவது அரிது. பெரும்பாலான பையன்கள் வேலைக்குச் சேரும்போது ஃபாரத்தில் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருப்பார்கள், பெற்றோர் பெயரைச் சேர்க்கவே மாட்டார்கள், கம்பெனி ஹெச்.ஆரும் கேட்க மாட்டார். இப்போதும் சேர்க்கலாம், கம்பெனி மூலம் ஆதாரோடு.

இ.எஸ்.ஐ.யில் 5 லட்சம் என்ற மாதிரி உச்சவரம்பு எதுவும் இல்லை, வெளிநோயாளி சிகிச்சையும் மாத்திரையும் உண்டு, இந்த இரண்டும் காப்பீட்டு அட்டையில் கிடையாது. வழி மட்டும் கொஞ்சம் சுற்று: முதலில் உங்களுக்கு ஒதுக்கிய மருந்தகம், அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே ஆஞ்சியோ வசதி இல்லையென்றால் அவர்களோடு ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனைக்குக் கடிதம். அந்தக் கடிதம் இல்லாமல் நேராகத் தனியாரிடம் போனால் செல்லாது. இதய சிகிச்சை போன்ற பெரிய சிகிச்சைக்குத் தம்பி குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த தேதியைச் சொல்லி மருந்தகத்திலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள், கம்பெனியில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

ஆபரேஷன் செலவைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ஆனால் குடும்பத்தை மெல்ல மெல்லச் சாப்பிடுவது மாதா மாதம் வாங்குகிற மாத்திரைதான் என்பது என் அனுபவம். ஸ்டென்ட் வைத்தால் இரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரைகளை டாக்டர் சொல்கிற காலம் வரை ஒரு நாள் விடாமல் போட வேண்டும், காசில்லை என்று நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. காப்பீட்டு அட்டையைக் கொண்டு மெடிக்கலில் மாத்திரை வாங்க முடியாது. ஆனால் அப்பாவுக்குத் தேவைப்படுகிற மெட்ஃபார்மின், ஆம்லோடிபின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்ததிலிருந்து மாநிலம் முழுவதுக்கும் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறார்கள், தரப் பரிசோதனை முடிந்துதான் கிடங்கை விட்டு வெளியே வரும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பின்பற்றிய ஏற்பாடு. கவரில் போட்டுக் கொடுக்கிற வெள்ளை மாத்திரை வேலை செய்யாது என்று சொல்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன், போட்ட பிறகு பிரஷர் பார்த்தீர்களா?

வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் தூரம் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, ஊருக்குள் இருக்கிற தன்னார்வலர் பெண் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். முதல் முறை மட்டும் அப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் கூட்டிப்போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள், மதுரையில் எழுதிக் கொடுத்த சீட்டையும் எடுத்துப் போக வேண்டும். அந்தத் தன்னார்வலர் வருகிற அன்று அம்மாவுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், நம் வீடுகளில் அம்மாக்களுக்கு சர்க்கரை இருப்பது வேறு எதற்கோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் தெரிகிறது. அரசில் கிடைக்காத மாத்திரை ஏதாவது எழுதினால் மலிவு விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் கேளுங்கள், பிராண்ட் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லி. விலை பாதிக்கும் கீழே இருக்கும்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. சாலை விபத்தென்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும், யாராக இருந்தாலும் எந்த ஊராக இருந்தாலும் இலவசம், அட்டை வேண்டாம். தம்பி கப்பலூருக்கு பைக்கில் நான்கு வழிச் சாலையில் போய்வருகிறவராக இருந்தால் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிட வேண்டும், அப்போதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய் (இதில் ஒரு பங்கு ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும்) தவணை தவறாமல் கிடைக்கும்.

கடைசியாக, பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அந்தத் தனியார் மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நீங்கள் காசு கொடுத்து எடுத்தவை, கொடுக்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள். அந்த எக்கோ கையில் இருந்தால் ஓ.பி.யில் டாக்டர் முதல் நாளே அவசரத்தைக் கணித்து ஆஞ்சியோவுக்குத் தேதி எழுதிவிட வாய்ப்பிருக்கிறது, இல்லையென்றால் மறுபடி எக்கோ வரிசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அப்பா இப்போது போடுகிற மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலையில் மாத்திரை போடாமல் கூட்டிப்போக வேண்டாம்.